திங்கட்கிழமை கோட்டை கிடையாது

ஏறி முடித்த பிறகுதான் தெரிந்தது.
இரும்புக் கதவில் ஒரு தாள்,
தாளில் ஒரு கிழமை.
நூற்றாண்டுக் கணக்கில் படைகளை மறித்த மதிலுக்கு
என்னை மறிக்க
ஒரு துண்டு செலோடேப் போதுமாயிருந்தது.

பூனைக்கு அனுமதி உண்டு.
கம்பிக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தது,
டிக்கெட் கேட்பவரின் தோரணையில்.

கீழே அல்மேரியா.
வெள்ளையாய், தட்டையாய்,
யாரோ உலர்த்திவிட்டு எடுக்க மறந்த ஊர்.
அப்பால் கடல்.
மேற்கே இன்னொரு கடல்போல
தக்காளித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள்.
எது அலை எது கூரையென்று
கண் கொஞ்ச நேரம் தடுமாறியது.

இறங்கினேன்.

லா சான்கா பேட்டையில்
படகுக்குப் பூசி மிச்சமான நீலமும் காவியும்
வீடுகளின் மேல் ஏறியிருந்தன.
ஒரு வீட்டின் பாதி மலைக்குள்.
மறுபாதியின் வாசலில்
நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள் எதுவிகிஸ்.
கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்றேன்.
"தோட்டம். கிணறு. ஒரு மணி."
எப்போது போனீர்கள்?
"பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள்.
ஐம்பது வருஷம் இருக்கும்.
இந்த ஊரில் மழையே பெய்யாது,
அன்றைக்குப் பெய்தது. ஒன்றும் பார்க்கவில்லை."
கட்டைவிரலால் ஒரு தலையைக் கிள்ளினாள்.
"அது எங்கே ஓடப்போகிறது.
ஓடுவதெல்லாம் நாங்கள்தான்.
நாளைக்குப் போனால் கீழே பார்,
மொட்டைமாடியில் சிவப்புப் போர்வை போட்டுவைக்கிறேன்."

கதீட்ரலும் கோட்டை மாதிரிதான் நின்றது,
கடற்கொள்ளையருக்குப் பயந்த காலத்துக் கல்.
திறந்திருந்தது.
அதனாலேயே உள்ளே போக மனம் வரவில்லை.

முடிதிருத்தும் லியாந்த்ரோ
கத்தரிக்கோலால் தரையைக் காட்டினார்.
தெருவுக்கு அடியில் இன்னொரு தெரு,
குண்டு விழுந்த நாட்களில்
ஊர் உட்கார்ந்திருந்த சுரங்கம்.
"அப்பா அங்கேதான் பிறந்தார்.
கடைசிவரை லிஃப்டில் ஏறவில்லை.
ஏழாவது மாடியில் கண் டாக்டர்.
கண்ணே வேண்டாமென்றார்."
கோட்டை எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றவில்லை.
கழுத்தில் பவுடர் போட்டு அனுப்பினார்.

துறைமுகத்தில் இத்தர்.
இரண்டு போர்வைக் கட்டு, ஒரு புது மிக்ஸி,
நதோர் போகும் இரவுக் கப்பலுக்குக் காத்திருந்தான்.
கூரைக்கடியில் பத்து மாதம்.
தக்காளி வாசனை தோலை விட்டுப் போகாதாம்,
மோந்து பார் என்று முழங்கையை நீட்டினான்.
போகவில்லை.
"எங்கள் கரையிலும் ஒரு கோட்டை இருக்கிறது.
இதைப் பார்த்து பயந்து கட்டியது.
அல்லது அதைப் பார்த்து பயந்து இது."
மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டான்.

செவ்வாய் காலை கதவு திறந்தது.
தோட்டம் இருந்தது. மணி இருந்தது.
படியோரம் கையகல வாய்க்காலில்
தண்ணீர் எனக்கு எதிர்த்திசையில் இறங்கிப்போனது.
அம்பு எய்யும் பிளவில் முகத்தை ஒட்டினேன்.
கொல்வதற்கென்று அளந்த சந்து,
ஒரு கண்ணுக்குச் சரியாக இருந்தது.
கீழே சிவப்பு.
ஒன்றல்ல, பதினொன்று எண்ணினேன்.
போர்வை, துண்டு, கால்பந்துச் சட்டை,
ஒரு தண்ணீர்த் தொட்டி.
எதற்கும் பொதுவாகக் கையசைத்தேன்.
பின்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி
யாருக்கு என்று கேட்காமல்
தானும் அசைத்தாள்.

மாலை எதுவிகிஸிடம் சொன்னேன்: தெரிந்தது.
"பொய். காற்று பலம்,
நான் போடவே இல்லை."
இன்றைக்கு மத்தி.
செதில் கன்னத்தில் ஒட்டியிருந்தது.
"கிணறு இருக்கிறதா இன்னும்?"
இருக்கிறது.
"தண்ணீர்?"

எட்டிப் பார்க்கவில்லை.

அவள் அடுத்த மீனை எடுத்தாள்.
மேலே கதவு சாத்தும் சத்தம்
இவ்வளவு தூரம் கேட்கும் என்று
நேற்றுத் தெரியாது.