பத்துக்கு எத்தனை

பாளையங்கோட்டை. எலும்பு வார்டு. பதினாலாம் கட்டில்.
முட்டுச் சிரட்டை மூணாகத் தெறித்ததைக்
கம்பியில் கோத்து வைத்திருக்கிறார்கள்.
எண்பது மீட்டர் ஏறி இறங்குகிறவன்
கடைசி ஆறு படியில்தான் விழுந்தேன்.

'பத்துக்கு எத்தனை?'
சிஸ்டர் ஜெயசீலி கேட்கிறாள்,
கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில்.

வலிக்கு எண் சொல்லிப் பழக்கமில்லை.
காற்றுக்குச் சொல்வேன்.
ஆனி பிறந்துவிட்டால் பணகுடியில்
மீட்டர் பார்க்க வேண்டாம்,
காது மடலே சொல்லும்:
பதினொன்று, பதினாலு,
இன்று மேலே ஏறாதே.

முன்னொரு தடவை, நாகர்கோவிலில் குடல்வால்.
வலிக்கு ஒரே ஊசி, பெரிய ஊசி.
ரெண்டு நாள் அடித்துப் போட்ட மாதிரி கிடந்தேன்.
முழித்தால் வாந்தி,
வாந்தியில் தையல் இழுக்கும்,
இழுத்தால் திரும்ப அதே ஊசி.

இந்தத் தடவை மயக்க டாக்டர் ஷேக் மீரான்
முந்தின நாள் சாயங்காலமே வந்து
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.
முதுகில் ஒண்ணு, அறுக்கிற நேரத்துக்கு.
தொடையில் ஒண்ணு, திரையில் நரம்பைப் பார்த்து,
விடியக் கருக்கல் வரை தாங்கும்.
அது விடுமுன்பே மாத்திரை உள்ளே இருக்கணும்.
ஐஸ் கட்டி.
மார்ஃபின் கடைசியில், மிஞ்சினதுக்கு, துளி.

'புரியுது சார்' என்றேன்.
'பேய்க்காத்துல டிஸ்க் பிரேக்கை மட்டும் பிடிச்சா
தீப்பிடிச்சிரும்.
மொதல்ல இறக்கையைத் திருப்பணும்,
காத்து வழுக்கிட்டுப் போகும்.
வேகம் செத்த பெறவுதான் பிரேக்,
சும்மா கை வச்ச மாதிரி.'
'நெசமாவே தீப்பிடிக்குமா?'
அதன்பிறகு இருபது நிமிஷம்
காற்றாலை பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்,
டீ ஆறிப்போனது.

ராத்திரி மூணு மணிக்குக் கால் திரும்பி வந்தது.
கடன்காரன் போலத்தான் வந்தது,
ஆனால் கதவை உடைக்கவில்லை.
அஞ்சு என்றேன். ஐஸை மாற்றினாள்.
கொஞ்ச நேரத்தில் நாலு.
பூஜ்யம் யாரும் தருவதாகச் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டில் களக்காட்டு வாழைக்காரர்
மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்கிறார்.
வலியைத் தாங்கினால்தான் ஆறுமாம்.
இருமப் பயந்து இருமாமல்
நெஞ்சுச் சளியோடு கிடக்கிறார்,
இன்றோடு நாலாம் நாள்.

காலையில் பிசியோ பையன் ரெஜினால்டு
வாக்கரை முன்னால் வைத்து, 'எந்திரிங்க' என்றான்.
எந்திரித்தேன்.
கம்பி வைத்த மறுநாள்!
சன்னல் வரை பதினோரு எட்டு,
ஏழாவதில் மட்டும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

ஒப்பந்தக்காரர் இன்னும் போனை எடுக்கவில்லை.
அதற்கு எத்தனை என்று
யாரும் கேட்கவில்லை.

சன்னலில் வேம்பு மேற்கிலிருந்து சாய்கிறது.
இங்கேயே இப்படியென்றால் கணவாய்ப் பக்கம்
இறக்கைகள் தறிகெட்டுச் சுற்றும்,
என் ஏணியில் வேறு எவனாவது இருப்பான்.
பின்னால் ஜெயசீலி, கையில் சார்ட்டோடு:
'இப்போ?'

'பன்னிரண்டு' என்றேன்.
பதறிவிட்டாள்.
'இல்ல சிஸ்டர், அது காத்து.
கால் நாலுதான்.'