பதினொரு ழ

எமரன்சியானா பாட்டைக் கொண்டுவருவாள்,
பாண் சுற்றின தாளின் மறுபக்கத்தில் எழுதி.
நான் டொக்யாட் வீதியில் அச்சுக் கோர்ப்பவன்.
பாட்டுப் புத்தகம் பத்துச் சதம்.
கூலி எப்போதும் அடுத்த கிழமை.

"ழ எத்தினை கிடக்கு?"
"பதினொண்டு. அதிலை ஒண்டு கால் உடைஞ்சது."
விரலால் எண்ணினாள். பன்னிரண்டு வந்தது.
நின்ற நிலையிலேயே மழையை வெட்டி
மாரி என்று போட்டாள்.
அந்த மாரியைத்தான் பிறகு
மூதூர் லோஞ்சிலும் கந்தளாய் பஸ்ஸிலும் பாடினார்கள்.

சனிக்கிழமை இரவுகளில் வேறு வேலை.
வெள்ளைக்காரன் கன்ரீனில் விட்டுப்போன பியானோ,
உப்புக்காற்றுக் குடித்து ஊதின கட்டைகள்.
நடுவில் ஒரு கறுப்புக் கட்டை
அமுங்கினால் எழும்பாது.
வளையம் எறிகிற செல்லர்,
தொப்பிக்குள் புறா வைத்த மாஸ்டர் பீரிஸ்,
இரட்டைச் சகோதரிகள் (சகோதரிகளே இல்லை).
அவள் தாளைப் பார்ப்பதில்லை,
அவர்களின் கைகளைப் பார்ப்பாள்.
வளையம் நழுவ முன்னமே
இடது கை இறங்கிவிடும், டம் என்று.
அதுவும் வித்தை என்று சனம் கைதட்டும்.
ஒருநாள் தொப்பிக்குள் புறா செத்துக் கிடந்தது.
பதினாறு நிமிஷம் தனியே வாசித்தாள்,
திரைக்குப் பின்னால்
பீரிஸ் அழுது முடிக்கும் வரைக்கும்.

கொழும்பில் போட்ட இசைத்தட்டில்
வேறொருவன் பெயர்.
றேடியோவில் கேட்டுவிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன்.
நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.
"அந்த இடத்திலை பாய்ஞ்சவனோ?"
"எந்த இடம்?"
சரணத்தை முணுமுணுத்துக் காட்டினாள்.
செத்த கட்டை வருகிற இடத்தில்
மெட்டு அதை மிதிக்காமல் தாண்டும்,
பாவாடையைத் தூக்கிப் பிடித்து
வாய்க்கால் கடக்கிற பெட்டை மாதிரி.
"ஓம், பாய்ஞ்சவன்."
"அப்ப என்ரை பேர் அதிலைதான் கிடக்கு."
மற்ற விரலுக்குப் போனாள்.

மாசியில் செத்தாள்.
மரண அறிவித்தலை நானே கோர்த்தேன்.
இந்தமுறை கணக்குப் பார்க்கவில்லை:
வாழ்ந்தவர், வாழ்வித்தவர், எழுதியவர் வாழி,
தேவையில்லாத இடத்திலும் ழ.
கால் உடைந்ததையும் விடவில்லை.

விடியத் தபால் கந்தோர்ச் சுவரில்
ஒரு புள்ளிமான் நின்றது,
பசை மாவுக்காக அறிவித்தலை உரித்துத் தின்றபடி.
பெயர் போய்விட்டது. நேரமும் சேமக்காலையும் மிச்சம்.
நான் கல் எடுக்கவில்லை.

கணக்குக் கொப்பியில்
இன்னும் நாலு ரூபா அறுபது சதம்
அவள் பக்கம் நிற்கிறது.