ஆறட்டும்

முற்றத்தில் ஐந்து வண்டிகள்.
நான்கின் பானெட்டில் பனி.
ஐந்தாவது, நான் பார்க்க வந்த கருநீலம்,
துடைத்துவைத்த தட்டுபோல் வெறிச்சென்று.

கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தேன்.
காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி.

‘ஸ்டார்ட் செய்யாதீர்கள், இரவெல்லாம் குளிரட்டும்’ என்று
தொலைபேசியில் இரண்டு முறை சொல்லியிருந்தேன்.
ரெமிகியுஷ் தோளைக் குலுக்கினார்:
‘பேட்டரி இறங்கிவிடுமோ என்று பயம்.’
பேட்டரி போன மாதம் வாங்கியது.
ரசீது என் கையில்தான் இருக்கிறது.

சரி, ஆறட்டும்.
அதுவரை மற்றதைப் பார்ப்போம்.

பெயின்டின் கனத்தை அளக்கும் கருவி
கதவில் நூற்றிருபது மைக்ரான் என்றது,
கூரையில் நூற்றுப்பத்து,
வலது பின்சக்கரத்தின் மேல் நானூற்று எண்பது.
‘நான் வாங்கும்போதே அப்படித்தான்’ என்றார்.
கட்டோவிட்சேயில் பதினொரு வருடமாக இதே வேலை எனக்கு.
எந்த வடுவும் விற்கிறவர் காலத்தில் விழுந்ததில்லை.
ஜெர்மனியிலிருந்து வந்த ஒவ்வொரு காரையும்
ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர்
ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு மட்டும் ஓட்டியிருக்கிறார்.
அத்தனை பக்திமான்களா அந்த நாட்டில்!

டயர்கள் வெளிப்பக்கம் புதுசு,
உள்விளிம்பு மொட்டை.
ஓட்டுநர் இருக்கையின் இடது ஓரம்
ஏறி இறங்கித் தேய்ந்து நூல் தெரிகிறது.
ஸ்டீயரிங்கின் தோல் சோப்பாய் வழுக்குகிறது.
எண்பதாயிரம் கிலோமீட்டர்தான் என்று
மீட்டர் மட்டும் சாதிக்கிறது.
பின்னிருக்கையில்
குழந்தை நாற்காலி அழுத்திய இரண்டு பள்ளங்கள்.
ஐந்நூறு குதிரைகளின் பின்னால்
யாரோ தூங்கி வழிந்துகொண்டே பள்ளிக்குப் போயிருக்கிறார்கள்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மூன்று மணி நேரம்.
அவர் மனைவி யோவிட்டா
புளித்த மாவு சூப் கொடுத்தாள், பாதி முட்டை மிதக்க.
காரைப் பற்றி யாரும் பேசவில்லை.
ஜன்னலுக்கு வெளியே மறுபடி பனி;
கருநீலத்தின் மேல் விழுந்து கரைந்தது,
விழுந்து கரைந்தது,
பிறகு ஒரு துகள் கரையாமல் நின்றது.
கரண்டியைக் கீழே வைத்தேன்.
அவரும் பார்த்துவிட்டிருந்தார்.

சாவியைத் திருப்பினேன்.
பத்து சிலிண்டர்களும் ஒன்றாய்க் கண்விழிக்கும் முன்
அடியில், வெகு அடியில்,
பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ
விரல்கணுவால் கதவைத் தட்டினார்கள்.
இரண்டு நொடி. இரண்டரை.
அப்புறம் ஆயில் மேலேறி அதன் வாயைப் பொத்தியது.

ரெமிகியுஷ் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.
‘போன குளிர்காலத்திலிருந்து’ என்றார்,
நான் கேட்காமலே.
‘ரேடியோவை உரக்க வைத்துவிட்டுத்தான்
தினமும் ஸ்டார்ட் செய்வேன்.’

அதற்குப் பிறகு நெடுஞ்சாலையில் ஒரே ஒரு ஓட்டம்.
திரும்பி வருகையில் இரண்டு பேருமே
சீட் பெல்ட்டைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தோம்.

கிதான்ஸ்கிலிருந்து க்சாவெரி அழைத்தான், பணம் கொடுக்கப்போகிறவன்.
பேரிங் போய்விட்டது,
கிராங்க்கும் தேய்ந்திருக்குமா, பிரித்தால்தான் தெரியும்,
முப்பதாயிரம் ஸ்லாட்டி குறைத்தாலும் யோசி என்றேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் கடற்காற்று மட்டும்.
பிறகு:
‘எட்டாயிரம் சுற்றில் எப்படி இருக்கிறது?’

பொய் சொல்லியிருக்கலாம்.
‘அழகாக இருக்கிறது.
அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.’

வாங்குவானா என்று தெரியாது.
படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்,
கருவியைப் பெட்டியில் வைத்தேன்.

என் டீசல் வேனைத் தெருக்கோடியில்
இறக்கம் பார்த்து நிறுத்தியிருந்தேன்.
ஸ்டார்ட்டர் போய் ஒரு வருடமாகிறது.
ரெமிகியுஷ் எதுவும் கேட்கவில்லை.
சட்டைக்கையை மடித்துக்கொண்டு
பின்னாலிருந்து தள்ளினார்.