மெஜந்தா தீர்ந்த இரவு

தார்த்துவில் டிசம்பர் மாதம்
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
நூலகத்தின் அடித்தளத்தில் இருக்கும் எனக்கு
அதை யாராவது வந்து சொன்னால்தான் தெரியும்.

என் பொறுப்பில் ஓர் அச்சு இயந்திரம்.
நான்கு மைக்குப்பிகள், கட்டில் அகலத் தாளுருளை,
மாற்றும்போதெல்லாம் ஒரு முனகல்.
நாளைக் காலை ஒன்பதுக்கு மாநாடு,
எல்லாத் துறைகளும் ஒரே கூடத்தில், ஆளுக்கொரு பலகை.
அதனால் இன்றிரவு எல்லாத் துறைகளும்
என் படிக்கட்டில்.

முதலில் ஆர்வோ, பாசி ஆராய்கிறவன்.
கல்லறைக் கற்களின் வடக்கு முகத்தில்
ஒன்பது வருடமாக அளந்துகொண்டிருக்கிறான்.
படங்களில் பெயர்களை மறைத்திருந்தான்.
"அனுமதி கேட்கத்தான் நினைத்தேன்" என்றான்,
"யாரிடம் கேட்பது?"
நாற்பது நிமிடம்
பச்சையை மென்று மென்று துப்பியது இயந்திரம்.

வில்லெம், இயற்பியல்.
நிலவறை ஒன்றில் மூன்று வருடம் ஒரு துகளைத் தேடினார்களாம்.
கிடைக்கவில்லை.
படத்தில் ஒரு நேர்க்கோடு, அவ்வளவுதான்.
நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.
"எங்கெல்லாம் இல்லை என்று
இப்போது எங்களுக்குத் தெரியும்" என்றான்.
மை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மெரிகே கொண்டுவந்தது
ஒரு தேவாலயத்தின் அபராதக் கணக்கு,
ஆயிரத்து எழுநூற்று நாற்பதுகள்.
பிரசங்கத்தில் தூங்கியவனுக்கு ஒரு கோபெக்,
சிரித்தவனுக்கு இரண்டு.
கட்டியது சிவப்பு மையில், கட்டாதது கறுப்பில்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
ஒருத்தி மட்டும் மாதம் தவறாமல் கட்டியிருக்கிறாள்,
குற்றம் எழுதும் கட்டத்தில் ஒன்றுமில்லை.
"என் ஆய்வே அந்தக் கட்டம்தான்."
வில்லெம் நிமிர்ந்து பார்த்தான்.

அப்போதுதான் சிவப்பு விளக்கு எரிந்தது:
மெஜந்தா நான்கு விழுக்காடு.
மாற்றுக் குப்பி வியாழக்கிழமை வரும், தாலினிலிருந்து.

படியில் செருப்புச் சத்தம். டாக்டர் சிக்னே,
வார்டிலிருந்து நேராக, மேலங்கியில் பனி.
பதினொரு குழந்தைகளின் சிறுநீரகத் துணுக்குகள்,
சாயமேற்றிய படங்கள், எல்லாம் இளஞ்சிவப்பு.
நிறம் எங்கே வெளிறுகிறதோ
அங்கே நோய் தொடங்குகிறது.

ஆக, மை குறைந்தால்
நல்ல குழந்தைக்கும் நோய் வந்துவிடும், காகிதத்தில்.

சிக்னே எதுவும் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றினாள்,
மறுபடி போட்டாள்.
வரிசைப்படி மெரிகேதான் அடுத்தவள்.
"என் சிவப்பும் ஆதாரம்தான்" என்றாள், கொஞ்சம் உரக்கவே.
யாரும் மறுக்கவில்லை.
வெந்நீர்க் குழாய் எங்கோ தட்டிக்கொண்டிருந்தது.
"சின்னதுக்கு என்ன வயது?"
"நாலு."
"கறுப்பிலேயே அடியுங்கள்" என்றாள் என்னிடம்,
முகம் பாராமல்.
"யாரிடமாவது சிவப்புப் பென்சில் இருக்கிறதா?"

ஆர்வோவின் பையில் இரண்டு இருந்தன.
தரையில் தாளை விரித்து
மூலப்படத்தைப் பார்த்துப் பார்த்து
ஒவ்வொரு வரியாகச் சிவப்பேற்றினார்கள்,
தேடியது கிடைக்காத வில்லெம்
அளவுகோலும் கையுமாக மண்டியிட்டு.

நானும் சிக்னேவும் இயந்திரத்தருகில்.
எட்டாவது குழந்தை, இரண்டு விழுக்காடு.
பத்தாவது, ஒன்று.
கடைசி வரிசை இறங்கும்போது
திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.
நிறத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர்களை
நான் கண்டதில்லை.
"சரிதான்" என்றாள். "இவனுக்கு இப்படித்தான் வெளிறியிருக்கும்."
நான் குப்பியைப் பார்த்து மகிழ்ந்த அதே நொடியில்
அவள் அதைச் சொன்னாள்.

ஐந்து மணிக்கு மெரிகே கத்தினாள்.
நூற்று நாற்பதாவது வரி
மூலத்தில் கறுப்பு. வில்லெம் சிவப்பாக்கிவிட்டான்.
தேவாலயத்தில் சிரித்த ஒரு பன்றி மேய்ப்பன்,
இருநூற்றெண்பது வருடமாகக் கட்டாத இரண்டு கோபெக்,
அடைந்துவிட்டது.
அழிப்பானால் தேய்த்தாள். சிவப்பு பரவியதே தவிரப் போகவில்லை.

தலையைச் சொறிந்துகொண்டு நின்றாள் கொஞ்ச நேரம்.
பிறகு தாளின் அடியில் பொடி எழுத்தில் எழுதினாள்:
'வரி 140: கடன் தீரவில்லை.
நிறம், இயற்பியல் துறையின் பிழை.'

வில்லெம் அதற்கு மட்டும் சிரித்தான்.
யாரும் அபராதம் கேட்கவில்லை.