சிலுவைக் கணவாய்

வாங்கிய அன்று அது வெறும் சிவப்பு.
இருபத்தோரு வயதுக் கார், இரண்டே இருக்கை,
இரண்டு கதவுக்கும் அடியில் துரு.
விற்றவர் பானெட்டைத் தட்டிச் சொன்னார்:
"எஞ்சின் சாகாது. மற்றதெல்லாம் உன் பாடு."

வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
முப்பத்தொரு பிள்ளைகள், ஒரு வாந்தி வாளி,
டினாஸ் மௌத்வியிலிருந்து டொல்கெத்லை வரை
ஆளுயர வேலிகளுக்கு நடுவே
மெதுவாக, மெதுவாக.
சிலுவைக் கணவாயில் பேருந்து ஏறாது.
அதனால்தான் ஞாயிறு தோறும் அங்கே போகிறேன்.

முதலில் டயர்.
எல்லாரும் குதிரைத்திறன் பற்றிக் கேட்டார்கள்;
நான் ரப்பர் வாங்கினேன்.
நான்கு உள்ளங்கை அளவு,
இந்தக் கார் வேல்ஸைத் தொடுவது அவ்வளவுதான்.
மழையில் முதல் வளைவிலேயே தெரிந்தது
இத்தனை நாளும்
கையுறையோடு கைகுலுக்கியிருக்கிறேன் என்று.

அடுத்த வசந்தத்தில் பிரேக்.
புதிய பேட், புதிய திரவம், எஃகு பின்னிய குழாய்.
மாரெட் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு
"மிதி, பிடி, விடு" என்றாள்.
மிதித்தேன், பிடித்தேன், விட்டேன்.
குழாய்க்குள் ஒளிந்திருந்த காற்று
ஜாம் போத்தலில் குமிழ் குமிழாய் வந்து செத்தது.
கூலி வாங்க மாட்டேன் என்றாள்.
அவள் மகன் என் பேருந்தில் மூன்றாம் வரிசை;
வாளி அவனுக்காகத்தான்.

பிறகு ஒரு தப்பு செய்தேன்.
பந்தயத் தடத்துக்காரர்கள் பூட்டுகிற ஸ்பிரிங்,
பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற டாம்பர்.
கார் மூன்று விரற்கடை தாழ்ந்தது.
பெட்ரோல் பங்க்கில் இரண்டு பையன்கள் படம் எடுத்தார்கள்.
கணவாயிலோ
ஆடுகள் தாண்டாதிருக்கப் பதித்த இரும்புக் கிராதி ஒவ்வொன்றும்
என் முதுகெலும்பை ஒன்று இரண்டு என்று எண்ணியது.
ஒட்டுப்போட்ட தாரில் சக்கரம் எகிறி
அந்தரத்தில் திசை தேடியது.
பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரன் இத்தெல்
உச்சியில் கதவைத் திறந்து இறங்கினான்.
"நடந்தே வருகிறேன். மழைதானே."

எட்டு மாதம் வீம்பு.
காசு கொடுத்து வாங்கியதல்லவா,
நல்லது என்று நம்ப வேண்டியிருந்தது.

ரெக்ஸமில் ஒருவன் தலையில் பாதி விலைக்குக் கட்டிவிட்டு
மென்மைக்குத் திரும்பினேன்.
தொளதொளப்பு வேறு, மென்மை வேறு.
பள்ளத்தை விழுங்கிவிட்டு
இன்னொரு முறை ஊஞ்சலாடாமல்
ஒரே மூச்சில் அமர்கிறதே, அது.
தேய்ந்துபோன ரப்பர் புஷ் அத்தனையும் மாற்றினோம்,
எவரும் படம் எடுக்காத பாகங்கள்.
அன்றைக்குத்தான் ஸ்டீரிங் வாய் திறந்தது:
இங்கே சரளை. இங்கே ஈரம்.
இங்கே நேற்று ஒரு டிராக்டர் சேறு சிந்தியிருக்கிறது, பார்த்துப் போ.

அக்டோபர், மூடுபனி.
வளைவு முடிகிற இடத்தில் ஒரு செம்மறி,
முதுகில் நீலச் சாயக் குறி, நட்டநடுச் சாலையில்.
மிதித்தேன்.
கார் கத்தவில்லை, பக்கம் இழுக்கவில்லை.
வாக்கியம் முடிந்து புள்ளி வைத்தாற்போல் நின்றது.
ஆடு அசைபோட்டபடி என்னைப் பார்த்தது.
நான்கு வருடச் சேமிப்பை, இத்தெலின் நனைந்த சட்டையை,
அந்த ஜாம் போத்தலை
அதற்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
ஹாரன் அடிக்கவில்லை.
அது போன பிறகு போனேன்.

எஞ்சினில் இன்னும் கை வைக்கவில்லை.
"முன்னைவிட வேகமா?" என்று கேட்கிறான் இத்தெல்.
தெரியாது. கடிகாரம் பார்த்ததில்லை.
ஆனால் அவன் இப்போதெல்லாம் இறங்குவதில்லை,
உச்சிக்குக் கீழே மூன்றாவது வளைவில்
சில நேரம் தூங்கிவிடுகிறான்.

திங்கள் காலை. பேருந்து.
பழைய ஸ்பிரிங், பழைய ஸ்டீரிங், எல்லாம் கவுன்சில் சொத்து,
ஒரு திருகு கூட மாற்ற முடியாது.
வளைவு வருமுன்னே பிரேக்கைத் தொட்டு,
தொட்டது தெரியாமல் விடுகிறேன்.
மூன்றாம் வரிசையில் மாரெட்டின் மகன்
ஜன்னலில் ஊதி, அந்த ஈரத்தில்
ஏதோ கார் வரைந்துகொண்டிருக்கிறான்.
மூன்று வாரமாக
வாளி காய்ந்தே கிடக்கிறது.