ஏற்கெனவே புழக்கத்தில்

தரமணியில் இரவு ஒன்றே முக்கால்.
5555ஆம் போர்ட்டில்
சாக்கெட்டை பைண்ட் செய்யப் பார்க்கிறேன்.
முகவரி ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது
என்கிறது திரை.

யாரது என்று தேடினால்
சாயங்காலம் நான் மூட மறந்த
என் நிரலேதான்.
யாருக்கும் பதில் சொல்லாமல்
வாசலை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கொன்றுவிட்டு
கீழே போய் டீ குடித்தேன்.
ரோட்டில் தண்ணி லாரி, சதுப்பு நில வாடை.

திரும்பி வந்து
நட்சத்திரக் குறியை அழித்தேன்,
அது எல்லாக் கதவையும் திறந்து போடும்.
அனுப்புகிறவனும் இதே மெஷினில்தான்;
127.0.0.1 போதும்,
தனக்குத்தானே பேசிக்கொள்கிற எண்.

பிடித்துக்கொண்டது.
மறு நொடி
பதினேழு செய்திகள் பொலபொலவென்று விழுந்தன.
வாசலே இல்லாத அந்த இருபது நிமிடமும்
தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான்,
ஒன்றையும் கீழே போடாமல்.

மடிப்பாக்கம் வீட்டில்
பதினோரு மாத ஒப்பந்தம் எனக்கு.
வங்கி அதை முகவரியாக ஏற்கவில்லை.
மீட்டர் பெட்டி மேல் வரும் தபாலெல்லாம்
ஜெ. தியோடர் ராஜமணிக்கு:
காப்பீட்டுத் தவணை, கண் மருத்துவமனை,
தூத்துக்குடியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை.
காலி செய்து போய் ரெண்டு வருஷமாம்,
ஓனரிடம் நம்பர் இல்லை.

விடிந்து படி ஏறும்போது
கொரியர் பையன் நிற்கிறான்.
"தியோடர் சார் வீடுதானே மேடம்?"

சாவியை வாயில் கவ்விக்கொண்டு
கையெழுத்துப் போட்டேன்.