மூன்று மாதம் பிந்தி

கவினேஷுக்கு ஏழு மாதம்.
பால் போத்தலைத் தட்டிவிட்டு
என் பின்னலை எட்டிப் பிடித்தான்,
இழுத்தான்.
வலிக்கவில்லை.
அதுதான் பயம்.

கைக்குள் ஒரு கொத்து.
முதல் நாள் கொழுந்தெடுத்தவன் போல
தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான்.
வாயில் வைக்குமுன் விரல் விரலாய்ப் பிரித்தேன்.
எச்சில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு
வரமாட்டேன் என்றது
என் தலையில் நிற்க மாட்டாத முடி.

காய்ச்சல் விட்டது மாசியில்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் பத்து நாள்.
காலையும் மாலையும் ரத்தம் எடுத்து
எண்ணிக்கை சொன்னார்கள்:
பதினெட்டாயிரம், இருபத்திரண்டு,
ஒரு விடியலில் எண்பது.
"டெங்கு போச்சு, வீட்டுக்குப் போங்க" என்றாள் சிங்கள நர்ஸ்
பழகிய தமிழில்.
கோயிலில் தேங்காய் உடைத்தோம்.

வைகாசியில்
பீலிக்கரைக் கல்லிடுக்கில் கறுப்பாய்ச் சுருண்டு
தண்ணீரை மறித்தது.
பின்னால் நின்ற வாளிகள் கொஞ்சம் தள்ளிப் போயின.
ரொட்டியிலிருந்து ஒன்றை உருவி
விரலில் சுற்றிக்கொண்டே
ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார் இவர்.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

டாக்டரம்மா சொன்னார்:
"இது இப்ப விட்ட முடியில்ல.
காய்ச்சல் அடிச்ச கிழமையே வேர் விட்டுட்டுது.
விழத்தான் மூணு மாசம்."

எனக்குச் சட்டென்று விளங்கியது.
எங்கள் லயத்துக்கு நம்பர் உண்டு, விலாசம் இல்லை.
கடிதம் தோட்டத்து ஆபீசில் இறங்கி
கிளாக்கரய்யா மேசையில் கிடந்து
இன்டர்வியூ முடிந்த பிறகு கைக்கு வரும்.
தம்பிக்கு அப்படித்தான் ஒரு வேலை போனது.
இதுவும் மாசியில் எழுதியதுதான்.
இப்போதுதான் கொடுத்தனுப்புகிறது உடம்பு,
நாளைக்கு ஒரு பிடியாக.

"கவ்வாத்து வெட்டின மலை தளுக்காதா புள்ள?"
என்கிறாள் அடுத்த காம்பரா அமராவதி.
தளிர்க்கும்.
ஆனால் வெட்டின மலையை
யாரும் கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டு
வீடியோவுக்குச் சிரிக்கச் சொல்வதில்லை.

பகல் பன்னிரண்டு.
பிள்ளைக் காம்பராவில் ஒன்பது தொட்டில்.
எட்டு தூங்குகிறது.
கவினேஷின் பின்மண்டையிலும்
மல்லாந்து கிடந்து தேய்ந்த ஒரு வெற்றிடம்.
அவன் அதை ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை.

கயிற்றைச் சரிசெய்யக் குனிந்தேன்.
கை நீட்டினான். பின்னலுக்கு இல்லை,
நெற்றியோரம்.
என்னவோ குத்தியது போல
வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

முறைத்தான்.

பிறகு
மறுபடியும் அதே இடத்தைத் தடவினான்.